கல்லூரி பேஸ்பாலும் மட்டை விதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, அமெரிக்கா வந்தபிறகு கல்லூரி பேஸ்பால் பிடித்துப்போன நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் அரைமணி நேரம் விளக்குவதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் ரொம்பப் பிரியம், அதனால் சில பதில்கள் நீளமாகப் போகும்.

மேஜர் லீகில் (தொழில்முறை பேஸ்பாலின் உச்ச மட்டம்) எல்லோரும் மர மட்டையால் அடிக்கிறார்கள். கல்லூரிப் பையன்கள் கையில் மட்டும் ஏன் உலோக மட்டை?

பணம்தான் காரணம். மர மட்டை உடையும். ஒரு கல்லூரி அணி ஒரு சீசனில் 50 ஆட்டத்துக்கு மேல் ஆடும், தினசரிப் பயிற்சி வேறு. முப்பது பேர் உள்ள அணிக்கு மட்டை வாங்கி மாளாது. 1970 வாக்கில் அலுமினிய மட்டை கடைக்கு வந்தது, அடுத்த வருடமே லிட்டில் லீக் சிறுவர்கள் அதைத் தொட்டார்கள், 1974-ல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அனுமதி கொடுத்தது. உடையாத மட்டை, செலவு மிச்சம், அவ்வளவுதான் அன்றைய யோசனை. அதனால் ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிடும் என்று நினைத்து யாரும் கையெழுத்துப் போட்டதாகத் தெரியவில்லை.

உலோக மட்டையில் பட்டால் பந்து ஏன் அப்படிப் பறக்கிறது? உலோகம் கெட்டி என்பதாலா?

எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். உலோக மட்டை உள்ளே வெற்றுக் குழாய், பந்து படும்போது அதன் சுவர் கொஞ்சம் குழிந்து, உடனே நிமிர்ந்து பந்தைத் தள்ளிவிடுகிறது. சர்க்கஸில் வலைமேல் குதிப்பவனை வலை தூக்கி விடுகிறதே, அது மாதிரி.

மரம் அப்படி விட்டுக்கொடுக்காது. அதனால் நசுங்குகிற வேலை முழுக்கப் பந்துடையது. உள்ளே கார்க், ரப்பர், சுற்றிய கம்பளி நூல் என்று இருக்கிற பேஸ்பால் நசுங்கி நிமிர்வதற்குள் மோதலின் ஆற்றலில் முக்கால்வாசியை இழந்துவிடுகிறது. உலோகச் சுவர் அந்த நசுங்கலில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொண்டு, வாங்கியதை ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. பந்து கெடுக்கிற ஆற்றல் அந்த அளவுக்குக் குறைகிறது.

இன்னொன்றும் உண்டு, இதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் புரியும். ஒரு கல்லூரிப் பயிற்சி வலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது, ஒரு பையன் 33 அங்குல மர மட்டை ஒன்றையும் அதே நீளத்தில் உலோக மட்டை ஒன்றையும் என் கையில் கொடுத்து, விரல் மேல் கிடத்தி எது எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னான். மர மட்டையைச் சரியாமல் நிறுத்த விரலை முனைப்பக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. உலோக மட்டை கைப்பிடிக்கு நன்றாகக் கிட்டத்திலேயே நின்றுவிட்டது. தராசில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. ஆனால் சுழற்றிப் பார்த்தால் ஒன்று உலக்கை, ஒன்று கம்பு. எடை கைக்குக் கிட்டத்தில் இருந்தால் மட்டை சீக்கிரம் வரும், பிட்சர் (பந்து எறிபவர்) போட்ட பந்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடிக்கலாம். எறிந்த பந்து 0.4 வினாடியில் வந்து சேர்கிற ஆட்டத்தில் அந்தக் கொஞ்ச நேரம் பெரிய சொத்து.

"கொரில்லா பால்" என்று பழைய ஆட்கள் சொல்கிறார்களே, அது என்ன?

1990-களின் கல்லூரி பேஸ்பால். அலுமினியக் கலவைகள் வருடா வருடம் மேம்பட்டு, சுவர் மெல்லியதாகி, மட்டை நீளமாகவும் எடை குறைவாகவும் ஆகிக்கொண்டே போன காலம். அதற்கு முன்பே அறிகுறி தெரிந்துவிட்டது: 1985-ல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பீட் இன்காவிலியா ஒரே சீசனில் 48 ஹோம் ரன் (மைதான வேலியைத் தாண்டும் அடி, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. 1990-களில் லூசியானா ஸ்டேட், அதாவது எல்எஸ்யூ, பயிற்சியாளர் ஸ்கிப் பெர்ட்மேன் தலைமையில் இதையே ஒரு கலையாக்கியது. 1997-ல் மட்டும் அந்த அணி 188 ஹோம் ரன் அடித்தது. திடகாத்திரமான ஒன்பது பேர் வரிசையாக வந்து வேலிக்கு வெளியே அடிப்பார்கள், பண்ட் (மெதுவாகத் தட்டிவிடுவது), ஸ்டீல் (பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவது) எல்லாம் யாருக்கு வேண்டும்?

உச்சம் 1998 கல்லூரி உலகத் தொடர், அதாவது பட்டத்துக்கான கடைசிச் சுற்று. நெப்ராஸ்கா மாநிலம் ஓமாஹாவில் ரோசன்பிளாட் ஸ்டேடியத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் தெற்கு கலிஃபோர்னியா 21, அரிசோனா ஸ்டேட் 14. பேஸ்பாலில் இது அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்கோர். அந்தத் தொடரின் 14 ஆட்டங்களில் 62 ஹோம் ரன். அந்த வருடம் முதல் டிவிஷன் (கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டம்) அணிகளின் சராசரி, அணிக்கு ஓர் ஆட்டத்துக்கு 7.12 ரன், 1.06 ஹோம் ரன்.

சிலருக்கு அது பொற்காலம். எனக்கு அப்படிப் படவில்லை. ஐந்து ரன் முன்னிலை எந்த நேரமும் கரையும் என்றால் ஒரு ரன்னுக்கு என்ன மதிப்பு?

அப்புறம் என்ன செய்தார்கள்?

1998 கோடையிலேயே என்சிஏஏ விழித்துக்கொண்டது. மட்டை தயாரிப்பாளரான ஈஸ்டன் வழக்குக்கூடப் போட்டது. இழுபறிக்குப் பிறகு 1999-2000 வாக்கில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. மட்டையின் தடிமன் 2.75 அங்குலத்திலிருந்து 2.625 அங்குலமாகக் குறைந்தது. எடைக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது, நீளத்தின் அங்குல எண்ணுக்கும் எடையின் அவுன்ஸ் எண்ணுக்கும் வித்தியாசம் மூன்றுக்கு மேல் கூடாது. 33 அங்குல மட்டை 30 அவுன்ஸாவது இருக்கவேண்டும். இதைத்தான் "டிராப் 3" என்கிறார்கள். மூன்றாவது, பிஇஎஸ்ஆர் என்ற சோதனை: ஆய்வகத்தில் பந்து மட்டையை விட்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்து, அதற்கு ஓர் உச்சவரம்பு.

ரன் குறைந்தது. ஆனால் வைத்த வரம்பு மர மட்டையின் அளவுக்கு மேலே இருந்தது. தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை.

சும்மா இருக்கவில்லை என்றால்? ஏமாற்றினார்களா?

ஏமாற்று என்று சொல்லமாட்டேன். கார்பன் இழைகளால் ஆன காம்போசிட் மட்டைகள் வந்தன. அவற்றின் தனிக்குணம் என்னவென்றால், புதிதாக இருக்கும்போது சோதனையில் தேறும், நூற்றுக்கணக்கான பந்துகளை அடித்து அடித்து உள்ளிழைகள் தளர்ந்தபின் துள்ளல் கூடிவிடும். அலுமினிய மட்டை பழசானால் நசுங்கும், இது பழசானால் பழுக்கும்.

அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் மட்டையை இரண்டு உருளைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி உருட்டி, ஒரு மாதத்தில் வரவேண்டிய பழுத்த தன்மையைப் பத்து நிமிடத்தில் கொண்டுவந்தார்கள், கார்பைடு கல் போட்டு மாம்பழம் பழுக்க வைக்கிற மாதிரி. அதைச் சட்டவிரோதம் என்றே சொல்லலாம். 2009 உலகத் தொடரில் வீரர்கள் பயன்படுத்திய மட்டைகளை எடுத்துச் சோதித்தபோது காம்போசிட்களில் நிறைய வரம்பைத் தாண்டின. அந்தக் கோடையிலேயே என்சிஏஏ காம்போசிட் மட்டைகளை நிறுத்தி வைத்தது. வரம்பை எங்கே வைப்பது என்பது மட்டும் பிரச்சினை இல்லை, எதை அளப்பது என்பதே பிரச்சினை என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பிபிகார் என்கிறார்களே, அது என்ன எண்?

பந்தும் மட்டையும் மோதும்போது எவ்வளவு துள்ளல் மிஞ்சுகிறது என்பதற்கான எண். காற்றுப் பீரங்கியால் ஏறத்தாழ மணிக்கு 136 மைல் வேகத்தில் பந்தை ஒரு மட்டையின் மேல் சுடுகிறார்கள். வருகிற வேகத்தையும் திரும்புகிற வேகத்தையும் அளந்து, மட்டையின் எடைப் பரவலையும் கணக்கில் கொண்டால், துள்ளல் மட்டும் தனியாகப் பிரிந்து கிடைக்கிறது. அது 0.50-க்கு மேல் போகக்கூடாது. ஏன் 0.50? நல்ல மர மட்டைக்கு அந்த எண் ஏறக்குறைய அதுதான். அதாவது, உலோகமாக இருந்துகொள், மரம் மாதிரி நடந்துகொள்.

2011 ஜனவரி 1 முதல் கல்லூரிகளுக்கு, 2012-லிருந்து உயர்நிலைப் பள்ளிகளுக்கும். மட்டையின் கழுத்துப் பக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ".50" என்று அச்சிட்டிருக்கும், அடுத்த முறை மைதானத்துக்குப் போனால் கவனியுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தில் யாரும் எடுத்த மிகப் புத்திசாலித்தனமான முடிவுகளில் இது ஒன்று. இந்தப் பொருளால் செய், அந்தப் பொருளால் செய்யாதே என்று சொல்லவில்லை. விளைவுக்கு மட்டும் கோடு போட்டார்கள்.

2011-ல் உடனே வித்தியாசம் தெரிந்ததா?

இரவோடு இரவாக. 2010-ல் அணிக்கு ஓர் ஆட்டத்துக்கு 0.94 ஹோம் ரன், 2011-ல் 0.52. ரன் 6.98-லிருந்து 5.58. அடிப்பவர்களின் சராசரி (அடிக்கும் வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற எண்) .305-லிருந்து .282. வீரர்கள், பயிற்சியாளர்கள், மைதானங்கள் எல்லாம் அதே ஆட்கள் அதே இடங்கள். மாறியது கையில் இருந்த குழாய் ஒன்றுதான். 2014-ல் ஹோம் ரன் சராசரி 0.39 வரை இறங்கியது, மர மட்டைக் காலத்துக் கணக்கு.

சத்தமும் மாறியது. பழைய மட்டையின் "டிங்" என்ற மணிச்சத்தம் மங்கி, தகரத்தைக் கட்டையால் தட்டின மாதிரி ஒரு மொட்டைச் சத்தம். அவுட்ஃபீல்டர்கள் (தூரத்தில் நிற்கும் தடுப்பாளர்கள்) பந்து எவ்வளவு தூரம் வரும் என்பதைப் பாதி காதால்தான் கணிப்பார்கள். முதல் சில வாரங்கள், சத்தம் கேட்டுப் பின்னால் ஓடிவிட்டு மறுபடி முன்னால் ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஆடும் பாணி எப்படி மாறியது? அதுதானே முக்கியம்?

அதுதான் முக்கியம்.

முதலில் கணக்கு. பண்ட் என்பது மட்டையை நீட்டி வைத்து, பந்தை மெதுவாக முன்னால் போட்டு, தான் அவுட் ஆகி, பேஸில் (ரன்னுக்காகத் தொட்டுச் செல்ல வேண்டிய நிறுத்தம்) நிற்கிற தன் ரன்னரை ஒரு பேஸ் முன்னேற்றுவது. ஓர் அவுட்டை விலையாகக் கொடுக்கிறீர்கள். ஆட்டத்துக்கு 7 ரன் வருகிற காலத்தில் அந்த விலை அநியாயம், அடுத்தவன் இரண்டு ரன்னாக அடித்துவிடக்கூடும் எனும்போது அவுட்டை ஏன் தானம் செய்ய வேண்டும்? ஆட்டமே 3-2 என்று முடியப்போகிறது என்றால் அதே ஒரு ரன் தங்கம். ஆகவே 2011-க்குப் பிறகு பண்ட், ஸ்டீல், ஹிட் அண்ட் ரன் (பந்து எறியும்போதே ரன்னர் ஓட, அடிப்பவர் அடிப்பது) எல்லாம் திரும்ப வந்தன. மேற்குக் கரை அணிகள் இதை எப்போதும் விட்டதே இல்லை. கால் ஸ்டேட் ஃபுல்லர்டன், ஓரிகன் ஸ்டேட் மாதிரி அணிகளுக்குச் சின்னச் சின்ன நகர்வுகளால் ரன் சேர்ப்பது பரம்பரைச் சொத்து. தெற்கே ஹோம் ரன்னை நம்பியவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவது, தடுப்பு. சூடான, அதாவது துள்ளல் அதிகமான, மட்டைக் காலத்தில் இன்ஃபீல்டர் (பேஸ்களுக்கு அருகே நிற்பவர்) கையை நீட்டுவதற்குள் தரைப்பந்து தாண்டிப் போய்விடும். மூன்றாவது பேஸில் நிற்பவன் உயிருக்குப் பயந்து பின்னால் தள்ளி நிற்பான். மட்டை ஆறிய பிறகு அதே பந்து கைக்கு எட்டும் வேகத்தில் வந்தது. அப்படியானால் எட்டக்கூடிய கை உள்ளவனுக்கு மதிப்பு கூடும் இல்லையா? நன்றாக அடிப்பான், ஆனால் கால் நகராது என்ற ஆளை ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே உள்ள இடம்) ஒளித்து வைக்க முடியாமல் போனது. அவுட்ஃபீல்டர்கள் சில அடி முன்னால் வந்து நின்றார்கள், அதனால் இரண்டாவது பேஸிலிருந்து ஒரு சிங்கிளில் (அடித்தவர் முதல் பேஸ் வரை போகும் அடி) ஹோம் பிளேட் வந்து ரன் எடுப்பது கடினமானது, ஆகவே வேகமான கால்களுக்கு இன்னும் கிராக்கி. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது, கோலத்தில் ஒரு புள்ளியைத் தள்ளி வைத்த மாதிரி.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2011 இறுதித் தொடரின் முதல் ஆட்டம். தெற்கு கரோலினாவும் ஃபுளோரிடாவும். 1-1, ஒன்பதாவது இன்னிங்ஸ், ஃபுளோரிடாவுக்கு மூன்று பேஸ்களிலும் ஆள், ஒருவரும் அவுட் இல்லை. ஓர் ஆழமான ஃப்ளை (உயரமாகப் பறக்கும் அடி) போதும், ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பேஸ் ஆட்டக்காரர் ஸ்காட் விங்கோ பாய்ந்து விழுந்து ஒரு தரைப்பந்தைப் பிடித்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார், ஒரு அவுட். அடுத்த பந்தும் அவரிடமே, மறுபடி ஹோம், அங்கிருந்து முதல் பேஸ், இரட்டை அவுட். தெற்கு கரோலினா 11 இன்னிங்ஸில் 2-1 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் பட்டத்தையும் எடுத்தது. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விங்கோ. கவனியுங்கள், அதே தெற்கு கரோலினாதான் 2010-ல் பழைய மட்டையாலும் பட்டம் வென்றது. பிட்சிங்கும் தடுப்பும் பலமாக உள்ள அணிக்கு மட்டை மாறியதால் நஷ்டமே இல்லை.

பிட்சர்களுக்கு?

பெரிய விடுதலை. மர மட்டையோடு ஆடும்போது, அடிப்பவனின் கைக்குக் கிட்டே, உள்பக்கமாக வேகப்பந்து போட்டால் மட்டையின் மெல்லிய பகுதியில் பட்டு மட்டை உடையும், பந்து தொப்பென்று விழும். அது பிட்சரின் அடிப்படை ஆயுதம். பழைய உலோக மட்டை உடையவும் உடையாது, கைப்பிடிப் பக்கம் பட்டாலும் பந்து இன்ஃபீல்டைத் தாண்டிப் போய் விழும். நல்ல பந்து போட்டும் ஹிட். இப்படி நாலு முறை நடந்தால் எந்தப் பையனும் உள்பக்கம் போடமாட்டான், வெளிப்பக்கம் வளைபந்தாகப் போட்டுத் தப்பிப்பான். முழு ஒரு தலைமுறை கல்லூரி பிட்சர்கள் பயந்தே வளர்ந்தார்கள் என்று சொல்வேன். பிபிகார் வந்தபிறகு உள்பக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடிக்கட்டும், பின்னால் ஏழு பேர் இருக்கிறார்கள் என்ற தைரியம் வந்தது.

2013-ல் யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஹோம் ரன்னே இல்லாமல் பட்டம் வென்றது உண்மையா?

உண்மை. உலகத் தொடரில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி: 2-1, 2-1, 4-1, 3-1, 8-0. மொத்தம் விட்டுக்கொடுத்தது நாலு ரன். அந்த ஐந்து ஆட்டத்தில் அணியின் அடிக்கும் சராசரி .227, ஹோம் ரன் பூஜ்யம். பயிற்சியாளர் ஜான் சாவேஜ் கூச்சமே இல்லாமல் பண்ட் போடச் சொன்னார். முதல் ஆளுக்கு வாக் (நாலு தவறான பந்துக்குக் கிடைக்கும் முதல் பேஸ்), அடுத்தவன் பண்ட், ஒரு சிங்கிள், ஒரு ரன், அப்புறம் கதவைச் சாத்து.

அந்த வருடத் தொடர் முழுவதிலும் எல்லா அணிகளும் சேர்ந்து அடித்தது மூன்று ஹோம் ரன். 1998-ல் 62 என்று மேலே சொன்னேன்.

சலிப்பாக இல்லையா?

நிறையப் பேருக்கு இருந்தது, தொலைக்காட்சியில் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு இல்லை. ஆனால் நியாயமாகப் பேச வேண்டும்: நன்றாக அடித்த பந்து, வேலிக்கு இருபது அடி முன்னால் ஒருவன் கையில் போய்ச் சாதாரணமாக விழும்போது, அந்தப் பையனுக்கு அநீதி நடந்த மாதிரிதான் இருந்தது. திறமைக்குக் கூலி கிடைக்க வேண்டும். 2013, 2014 இரண்டிலும் பெண்டுலம் கொஞ்சம் அதிகமாகவே மறுபக்கம் போய்விட்டது.

அது மட்டையின் குற்றமா, ஓமாஹா மைதானத்தின் குற்றமா?

இரண்டும். 2010-ஓடு ரோசன்பிளாட்டை மூடிவிட்டு 2011-ல் ஊர் நடுவே புது மைதானத்துக்கு வந்தார்கள். வேலித் தூரம் பழையபடியே, ஓரங்களில் 335 அடி, நடுவில் 408. ஆனால் மைதானம் பார்த்திருக்கும் திசை வேறு. ரோசன்பிளாட்டில் ஜூன் மாதத்துத் தென்காற்று பந்தை வெளியே தூக்கிக்கொண்டு போகும், புது இடத்தில் அதே காற்று அடிப்பவனின் முகத்தில் அடிக்கிறது. ஆறிய மட்டையும் எதிர்க்காற்றும் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தன. அதனால் உலகத் தொடரின் எண்ணை மட்டும் வைத்து மட்டையைத் திட்டக்கூடாது, நாடு முழுக்க உள்ள சராசரியைத்தான் பார்க்க வேண்டும்.

மட்டையைத் திரும்பச் சூடாக்கினார்களா?

இல்லை. பந்தை மாற்றினார்கள், அருமையான யோசனை. கல்லூரிப் பந்தின் தையல் அதுவரை மேடாக இருக்கும், 0.048 அங்குல உயரம். 2015 முதல் 0.031 அங்குலம், மைனர் லீக் பந்து மாதிரி. தையல் தாழ்ந்தால் காற்றின் இழுப்பு குறையும். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இரண்டு பந்தையும் மணிக்கு 95 மைல் வேகம், 25 டிகிரி கோணம் என்று ஒரே மாதிரி எய்து பார்த்தார்கள். மேட்டுத்தையல் பந்து சராசரி 367 அடி, தாழ்ந்த தையல் 387 அடி. அதே இருபது அடி! அடித்த வேகம் மாறவில்லை, அதனால் பிட்சருக்கு ஆபத்தும் கூடவில்லை, நல்ல அடிக்கு மட்டும் கூலி கிடைத்தது.

ஆனால் இப்போது மறுபடி ஹோம் ரன் மழையாக இருக்கிறதே? பிபிகார் தோற்றுவிட்டதா?

2024-ல் டென்னசி 184 ஹோம் ரன் அடித்துப் பட்டம் வென்றது, 1997 எல்எஸ்யூவுக்கு நாலுதான் குறைவு. 2023 இறுதித் தொடரில் ஃபுளோரிடா 24-4 என்று ஜெயித்த மறுநாள் எல்எஸ்யூ 18-4 என்று திருப்பிக் கொடுத்தது. மட்டை விதி அதே 0.50.

தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். கொரில்லா பாலில் மட்டை வேலை செய்தது, இப்போது ஆள் வேலை செய்கிறான். டிராக்மேன் மாதிரி ரேடார் கருவிகள் ஒவ்வொரு அடியின் வேகத்தையும் கோணத்தையும் உடனுக்குடன் காட்டுகின்றன, பையன்கள் பந்தை எந்தக் கோணத்தில் தூக்க வேண்டும் என்பதையே பாடமாகப் படிக்கிறார்கள். எடைப் பயிற்சி வேறு தளத்துக்குப் போய்விட்டது. 2020 பெருந்தொற்றால் எல்லோருக்கும் கூடுதலாக ஒரு வருடம் கிடைத்து, 23, 24 வயது ஆட்கள் கல்லூரியில் ஆடினார்கள். அணி மாறுவது சுலபமானதால் நல்ல அடிப்பவர்கள் சில அணிகளில் குவிந்தார்கள். பந்து வேறு தட்டைத்தையல். மறுபக்கம் ஸ்ட்ரைக் அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) ஏறியிருக்கிறது: 2023 எல்எஸ்யூவில் பால் ஸ்கீன்ஸ் மணிக்கு 100 மைலில் போட்டதை அடிப்பதற்குச் சூடான மட்டை இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

பண்ட் மறுபடி குறைகிறது. அது எனக்கு வருத்தம்தான்.

காம்போசிட் மட்டைகள் பழுக்கிற பிரச்சினை இப்போதும் உண்டா?

இப்போது சான்றிதழ் தருவதற்கு முன்பே மட்டையை வேண்டுமென்று பழுக்க வைத்துச் சோதிக்கிறார்கள், எந்தக் கட்டத்திலும் 0.50-ஐத் தாண்டக்கூடாது. அது போக, 2020-லிருந்து முதல் டிவிஷனில் வார இறுதித் தொடருக்கு முன் மட்டைகளை ஓர் அழுத்தக் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். சுவர் அளவுக்கு மேல் நெகிழ்ந்தால் அந்த மட்டை வெளியே.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பேசாமல் மரத்துக்கே திரும்பலாமே?

மனசு ஆமாம் என்கிறது. ஆனால் உடைகிற செலவு இன்றும் செலவுதான், சின்னக் கல்லூரிகள் தாங்காது. மட்டை நிறுவனங்களின் ஒப்பந்தப் பணமும் இருக்கிறது. இரண்டையும் விட எனக்குப் பெரியதாகப் படுவது, மர மட்டையில் நல்லது கெட்டது என்ற வித்தியாசம் அதிகம். நல்ல மேப்பிள் கட்டை மேஜர் லீக்காரர்களுக்குப் போய்விடும், மிச்சம்தான் கல்லூரிக்கு வரும். பிபிகார் மட்டையில் ஏழைக் கல்லூரிக்கும் பணக்காரக் கல்லூரிக்கும் ஒரே 0.50.

பிபிகார் மட்டையும் மரமும் ஒன்றுதானா அப்போது? மேஜர் லீக் ஸ்கவுட்டுகள் (திறமை தேடி வருபவர்கள்) எப்படிக் கணிக்கிறார்கள்?

ஒன்று இல்லை. துள்ளல் ஒன்றுதான், ஆனால் பிபிகார் மட்டை உடையாது, எடை இன்னும் கைப்பக்கம், பந்து நன்றாகப் படும் பகுதியும் சற்று அகலம். அதனால் ஸ்கவுட்டுகள் கோடைக்காலத்தில் மாசசூசெட்ஸில் நடக்கும் கேப் காட் லீகுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே 1985-லிருந்து மர மட்டைதான். அங்கே அடித்தால் எங்கேயும் அடிப்பான் என்று கணக்கு.

பாதுகாப்புக்காகத்தான் விதி வந்தது என்கிறார்களே?

அதுவும் உண்டு. பிட்சர் பந்தை விட்டு முடித்து நிற்கும் இடத்துக்கும் அடிப்பவனுக்கும் நடுவே ஏறத்தாழ 54 அடி. மணிக்கு 100 மைலில் திரும்பி வரும் பந்து அதைக் கடக்க 0.37 வினாடி. அதுவும் பிட்சர் முன்னால் சாய்ந்து ஒற்றைக் காலில் நிலை தடுமாறி இருக்கும் நேரம். அங்கே நிற்பவன் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. மர மட்டையாலும் அந்த வேகத்தில் அடிக்க முடியும், அபாயம் முழுக்கப் போய்விடாது, ஆனால் அப்படிப்பட்ட அடிகளின் எண்ணிக்கை குறையும்.

கிரிக்கெட்டிலும் இப்படி நடந்திருக்கிறதா?

1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கி, இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி ஆட்சேபித்து, லில்லி அதைத் தூக்கி எறிந்த கதை தெரிந்திருக்கும். உடனே மட்டை மரமாகத்தான் இருக்கவேண்டும் என்று விதி எழுதி, கிரிக்கெட் அந்தக் கதவையே மூடிவிட்டது. ஆனாலும் மட்டை தடித்துக்கொண்டே போய், கடைசியில் 2017-ல் விளிம்பு 40 மில்லிமீட்டர், ஆழம் 67 மில்லிமீட்டர் என்று வரம்பு வைத்தார்கள். கிரிக்கெட் அளவைக் கட்டுப்படுத்தியது, கல்லூரி பேஸ்பால் துள்ளலைக் கட்டுப்படுத்தியது. இரண்டாவது வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க எந்த ஆட்டங்களைப் பார்க்கலாம்?

1998 இறுதி ஆட்டத்தில் நாலு இன்னிங்ஸ் பாருங்கள், போதும். பந்து மட்டையை விட்டுப் போகும் சத்தத்தை மட்டும் கேளுங்கள். அப்புறம் 2013-ல் யுசிஎல்ஏ ஆட்டம் எதையாவது எடுத்து, பந்தை விட்டுவிட்டு இன்ஃபீல்டர்கள் எங்கே நிற்கிறார்கள், எப்போது முன்னால் வருகிறார்கள் என்று பாருங்கள்.

கடைசியாக 2014 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம், வாண்டர்பில்ட்டும் வர்ஜீனியாவும். வாண்டர்பில்ட் அந்த சீசன் முழுக்கக் கால்களால் ஜெயித்த அணி. எட்டாவது இன்னிங்ஸ், 2-2. வர்ஜீனியாவின் நிக் ஹவர்ட் மணிக்கு 97 மைலில் ஒன்று போடுகிறார். அந்த சீசனில் அதுவரை இரண்டே ஹோம் ரன் அடித்திருந்த ஜான் நார்வுட் அதை இடது அவுட்ஃபீல்ட் வேலிக்கு அப்பால் அனுப்புகிறார், 3-2, பட்டம். அந்தத் தொடர் முழுவதிலும் மொத்தமே மூன்று ஹோம் ரன். அடித்த கணத்தில் வாண்டர்பில்ட் பெஞ்சைப் பாருங்கள், யாரும் உடனே குதிப்பதில்லை, அந்த மட்டையில், அந்தக் காற்றில் பந்து போய்ச் சேருமா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.